அட்டவணையை இணைக்கும் முன்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கு நூலும் சாயமும் எவ்வளவு இன்றியமையாதவையோ, அந்த அளவுக்குக் காலமும் இன்றியமையாதது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அளிக்கும் இப்பகுதியில், ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. பின்னுதல், சாயமேற்றுதல், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகள் மாறிய பிறகே அது பெட்டிக்குள் போகிறது. இவற்றில் பல, ஜாப் ஒர்க் முறையில் தனித்தனி நிறுவனங்களில் நடப்பவை. ஒரு கட்டத்தில் ஒரு நாள் தவறினால் அடுத்த கட்டங்கள் அனைத்தும் தடுமாறும். கப்பலைத் தவறவிட்ட சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், ஆர்டரின் லாபம் கட்டணத்திலேயே கரைந்துவிடும்.

இந்தக் காலக்கணக்கின் மறுமுனையில் இருக்கிறது காங்கேயம். காளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கொப்பரைக் களங்களுக்கும் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நாள்தோறும் காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன்கள் திருப்பூர் சாலையில் விரைகின்றன. எங்கோ ஒரு சாயப்பட்டறையில் துணி தாமதமானால், அதன் விளைவு இந்த வேன்களின் நேரத்திலும், அவற்றில் பயணம் செய்யும் பெண்கள் வீடு திரும்பும் நேரத்திலும் வந்து முடிகிறது.

இவ்வளவு சிக்கலான காலத்தை இதுவரை கட்டி மேய்த்துவந்தவர் மெர்ச்சண்டைசர் எனப்படும் ஆர்டர் பொறுப்பாளர். துணி எப்போது வர வேண்டும், மாதிரிக்கு எப்போது ஒப்புதல் வாங்க வேண்டும், பெட்டி எப்போது கட்ட வேண்டும் என்பதையெல்லாம் 'டைம் அண்ட் ஆக்‌ஷன்' என்ற அட்டவணையில் அவர் எழுதிவைக்கிறார். பல இடங்களில் அது ஓர் எக்ஸல் கோப்பு. அதைச் சுற்றி நூறு தொலைபேசி அழைப்புகளும் வாட்ஸ்ஆப் குழுக்களும் இயங்குகின்றன. இப்போது அந்த எக்ஸல் கோப்பின் இடத்துக்குத் திட்டமிடல் மென்பொருள் வரத் தொடங்கியிருக்கிறது. அதன் அடுத்த படியாக, அந்த மென்பொருளைத் தானியக்கச் சேவை ஒன்றுடன் இணைக்கலாம் என்ற யோசனையும் முன்வைக்கப்படுகிறது. இணைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தம் என்ன என்பதே இங்கு எழும் கேள்வி.

முதலில் இவ்விரண்டும் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். திட்டமிடல் மென்பொருள் என்பது எந்த வேலை, எந்த நாளில், எந்த இயந்திர வரிசையில், எத்தனை பேரைக் கொண்டு நடக்க வேண்டும் என்பதைப் பதிந்துவைக்கும் கருவி. தானியக்கச் சேவை என்பது ஒரு மென்பொருளில் நிகழும் மாற்றத்தைக் கவனித்து, வேறொரு மென்பொருளில் அதற்குரிய செயலைத் தானாகவே செய்துவைக்கும் இடையாள். ஸேப்பியர், மேக், மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட், தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஃப்ளோ ஆகியவை இவ்வகைச் சேவைகள். 'இது நடந்தால் அதைச் செய்' என்பதே இவற்றின் அடிப்படை இலக்கணம். முன்பகுதியைத் தூண்டல் என்றும் பின்பகுதியைச் செயல் என்றும் சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். காங்கேயம் சாலையில் நடுத்தரத் தையல் நிறுவனம் ஒன்று இருக்கிறது. சாயத் துணி வரும் நாள் புதன்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாறுகிறது. பொறுப்பாளர் அட்டவணையில் அந்த ஒரு தேதியை மட்டும் திருத்துகிறார். உடனே கட்டிங் பிரிவுக்குத் தகவல் போகிறது. தையல் வரிசையில் வேறோர் ஆர்டர் முன்னுக்கு வருகிறது. வேன் ஒப்பந்தக்காரருக்குப் புதிய நேரம் போகிறது. இறக்குமதியாளருக்கு ஒரு மின்னஞ்சல் தயாராகிறது. முன்பு அரை நாளைத் தின்ற பத்துப் பன்னிரண்டு அழைப்புகள் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. நிரல் எழுதத் தெரிந்த ஆள் தேவையில்லை. பெரும் முதலீடும் தேவையில்லை. ஆகவே சிறு நிறுவனங்களுக்கு இதன்மீது ஈர்ப்பு ஏற்படுவது இயல்பே. அந்த ஈர்ப்பில் தவறும் இல்லை.

ஆனால் தொலைபேசி அழைப்புகளில் தகவலோடு கூடவே வேறொன்றும் பரிமாறப்பட்டுவந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 'நாளைக்கு வந்துருமுங்க' என்று சாயப்பட்டறைக்காரர் சொன்னால், அது உண்மையிலேயே நாளையா, நாளை மறுநாளா என்பதை அவருடைய குரலிலிருந்தே பொறுப்பாளர் கணித்துவிடுவார். அதற்கேற்பச் சிலருக்கு மட்டும் தகவல் சொல்வார். சிலருக்குச் சொல்லாமல் நிறுத்திவைப்பார். இந்த வடிகட்டலை இயந்திரம் செய்யாது. அட்டவணையில் எழுதியதை எழுதியபடியே, எல்லோருக்கும், உடனே கொண்டுசேர்க்கும். அட்டவணை ஒழுங்காக இருந்தால் ஒழுங்கு பரவும். குளறுபடியாக இருந்தால் குளறுபடியும் அதே வேகத்தில் பரவும். ஆகவே ஆயத்தத்தின் பெரும்பகுதி கணினிக்கு வெளியே, மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டிய உடன்பாடுகளில்தான் இருக்கிறது.

முதல் உடன்பாடு சொற்களைப் பற்றியது. 'முடிந்தது' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சாயப்பட்டறைக்கு அது துணி தொட்டியிலிருந்து வெளியேறிய நேரம். போக்குவரத்துக்கு அது டி.சி. போட்டு வண்டி ஏற்றிய நேரம். தையல் நிறுவனத்துக்கோ, துணி வந்து இறங்கி, எடை பார்த்து, நிறம் ஒப்பிட்டு ஏற்றுக்கொண்ட நேரம். மூன்றுக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி இருக்கக்கூடும். எந்த 'முடிந்தது' தூண்டலாக வேண்டும் என்று வரையறுக்காமல் இணைத்தால், துணி இன்னும் பட்டறையில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தையல் கூடத்துக்கு ஆள்கள் வரவழைக்கப்படுவார்கள்.

'ஷிப்ட்' என்ற சொல்லும் அப்படியே. திருப்பூரில் எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை ஷிப்ட். இங்கே ஷிப்ட் என்பது நேரத்தின் பெயராகவும் கூலியின் அளவாகவும் ஒருங்கே வழங்குகிறது. வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்ட மென்பொருள் பலவற்றில் ஷிப்ட் என்பது தொடக்க நேரமும் முடிவு நேரமும் மட்டுமே. 'ஒன்றரை' என்பதை அதில் எப்படிப் பதிவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், அட்டவணையிலிருந்து சம்பளப் பதிவேட்டுக்குப் போகும் கணக்கு, சனிக்கிழமைச் சம்பளத்தில் சச்சரவாக வெடிக்கும்.

ஒரு குறிக்கு இரண்டு பொருள் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த பழைய நிரலுக்குரிய ஓர் அடையாளக் குறியை அந்நிறுவனம் புதிய நிரலுக்கும் பயன்படுத்தியிருந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் நிறுவப்படாமல் விடுபட்டது. அந்த ஒன்று மட்டும் அக்குறியைப் பழைய பொருளில் புரிந்துகொண்டு, வேண்டாத ஆர்டர்களைச் சந்தையில் கொட்டிக்கொண்டே இருந்தது. இயந்திரம் தனக்குச் சொன்னதையே செய்தது. சொன்னதற்கு இரு பொருள் இருந்ததுதான் கோளாறு.

இரண்டாவது உடன்பாடு, எது இறுதி அட்டவணை என்பது. மென்பொருளில் ஒரு தேதி, பொறுப்பாளரின் எக்ஸல் கோப்பில் ஒரு தேதி, தையல் கூடத்துக் கரும்பலகையில் ஒரு தேதி என்றிருந்தால், இணைப்பு எதை நம்பும்? இரண்டு மென்பொருள்களை இருவழியாக இணைத்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதை மாற்ற, அந்த மாற்றமே புதிய திருத்தமாக முதலாவதை மீண்டும் மாற்ற, முடிவில்லாத சுழல் உருவாகும். இச்சேவைகளில் பல, செயல்களின் எண்ணிக்கையை வைத்தே கட்டணம் வசூலிப்பவை என்பதால், ஒரே இரவில் ஒரு மாதத்துக்கான அளவு தீர்ந்துபோவதும் உண்டு.

இதற்கான இலக்கணத்தை வெளியூரில் தேட வேண்டியதில்லை. காங்கேயத்தை அடுத்த சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்ததாகச் சொல்லப்படும் பொருளை உடனே அதில் வைத்துவிடுவதில்லை. சுவாமியிடம் பூக்கேட்டு உறுதிசெய்த பிறகே வைக்கிறார்கள். அடுத்த உத்தரவு உறுதியாகும்வரை அந்தப் பொருளே பெட்டியில் இருக்கும். எல்லோரும் பார்க்கும்படி ஒரே பெட்டி. நடப்பில் இருப்பது எதுவென்பதில் ஐயமின்மை. மாற்றத்துக்கு முன் உறுதிப்பாடு. வழிபாட்டு மரபு ஒன்றைத் தொழிற்கூட நிர்வாகத்துக்கு உவமையாக்குவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும் ஓர் அட்டவணைக்கு வேண்டிய மூன்று பண்புகளும் அதில் அடங்கியிருக்கின்றன.

மூன்றாவது, தேதியையும் நேரத்தையும் எழுதும் முறை. 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3; அமெரிக்க இறக்குமதியாளருக்கு மார்ச் 4. ஜெர்மனியின் நேரம் நம்முடையதைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடைக்காலத்தில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. இவற்றைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. பல மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், திங்கட்கிழமை தொடங்கும் நள்ளிரவு 12 மணி, அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 ஆகப் பதிவாகும். அடுத்த மென்பொருள் அதிலிருந்து தேதியை மட்டும் உருவி எடுத்தால், திங்கட்கிழமை வேலை ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். விடுமுறை நாளில் வேனை அனுப்பிவைக்க இந்த ஒரு பிழை போதும். தீபாவளி, பொங்கல் விடுப்புகளும், வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குச் சென்று திரும்பும் வாரங்களும் நாள்காட்டியில் முன்னரே ஏற்றப்பட வேண்டும். அவை எந்த மென்பொருளிலும் தாமாக இருப்பதில்லை.

நான்காவது, எது தகவல், எது உத்தரவு என்று பிரிப்பது. 'துணி தாமதம்' என்று கட்டிங் பிரிவுக்குத் தெரிவிப்பது தகவல். தவறாகப் போனாலும் இன்னொரு செய்தியால் திருத்திவிடலாம். 'நாளை ஒன்றரை ஷிப்ட். வேன் இரவு புறப்படும்' என்பது உத்தரவு. ஏற்றுமதித் தேதி மாறுகிறது என்று இறக்குமதியாளருக்கு எழுதுவது வாக்குறுதி. தகவலை இயந்திரமே அனுப்பலாம். உத்தரவும் வாக்குறுதியும் ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே போக வேண்டும். பெரும்பாலான தானியக்கச் சேவைகளில் இத்தகைய ஒப்புதல் படி ஒன்றை இடையில் வைத்துக்கொள்ள வழியுண்டு.

இதனுடன் சேர்த்தே எண்ண வேண்டியது, இணைப்பு அறுந்தால் என்ன என்பது. இணையம் துண்டிக்கப்பட்டு மீண்டும் வரும்போது ஒரே செய்தி இருமுறை போகலாம். ஒரு லோடுக்கு இரண்டு வண்டிகள் வந்து நிற்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் புறக்கணிக்குமாறு அமைப்பதே இதற்கான எளிய காப்பு. செய்தி போய்ச்சேராமலே விட்டாலோ, அது யாருக்கும் தெரியாது என்பதுதான் பெரும் அபாயம். தோல்வியை யாருக்கு, எவ்வழியில் அறிவிப்பது என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, சாவி யாரிடம் இருக்கிறது என்பது. தானியக்கச் சேவைக்கு நம் மென்பொருளுக்குள் நுழைய ஓர் அனுமதி தேவை. அவசரத்தில் ஓர் ஊழியரின் சொந்த மின்னஞ்சல் கணக்கிலேயே இணைப்பை உருவாக்கிவிடுவது வழக்கம். அவர் வேலையை விட்டுப்போகும் நாளில் இணைப்பும் அவரோடு போய்விடும். அல்லது அவர் போன பிறகும் கதவு திறந்தே கிடக்கும். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தேவைக்கு மேற்பட்ட அனுமதியை வழங்கக் கூடாது. தொழிலாளர்களின் பெயர், கைபேசி எண், ஊர், வருகைப் பதிவு ஆகியவை இவ்வழியாக மூன்றாவது நிறுவனம் ஒன்றின் கணினிக்குச் செல்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இத்தகைய தரவைக் கையாள்வோர்மீது பொறுப்பைச் சுமத்துகிறது. வேன் ஒப்பந்தக்காரருக்கு எத்தனை பேர், எந்த நிறுத்தம் என்று தெரிந்தால் போதும். எல்லோருடைய கைபேசி எண்ணும் அவருக்கு எதற்கு?

இவை யாவும் நிர்வாகத்துக்கான அறிவுரைகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றின் அடியில் ஒரு நீதி சார்ந்த கேள்வி இருக்கிறது. அட்டவணை மாறும்போது அந்த மாற்றத்தின் சுமையை யார் தாங்குவது? அமெரிக்காவில் இக்கேள்வி ஏற்கெனவே எழுந்துவிட்டது. ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளில், மென்பொருள் வகுக்கும் நிலையற்ற வேலைநேரம் ஊழியர் வாழ்க்கையை எப்படிக் குலைக்கிறது என்பதை 2014இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் விரிவாக எழுதியது. உடனடியாக அந்நிறுவனம் தன் முறையை மாற்றிக்கொள்வதாக அறிவித்தது. 2017 நவம்பரில் நியூயார்க் நகரில் நடைமுறைக்கு வந்த சட்டம், துரித உணவக ஊழியர்களுக்கு 14 நாள்களுக்கு முன்பே அட்டவணையைத் தர வேண்டும் என்றும், பின்னர் மாற்றினால் கூடுதல் தொகை தர வேண்டும் என்றும் விதித்தது.

நம் நாட்டிலும் இக்கருத்து புதிதன்று. வேலை நேரத்தை முன்கூட்டியே எழுதித் தொழிற்சாலையில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம், 1948 வகுத்தது. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரு மடங்கு ஊதியம் என்ற அதன் நெறிகளை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் தொடர்கின்றன. பெண்கள் இரவில் பணிபுரிய அவர்களுடைய ஒப்புதல் தேவை. இந்த வரம்புகளை இணைப்பிலேயே எழுதிவைக்க முடியும். ஒருவரின் வார நேரம் 48ஐத் தாண்டும் என்றால், செய்தி அனுப்பாமல் நின்று மேலாளரிடம் கேட்கும்படி செய்யலாம். மாலை நான்கு மணிக்கு மேல் அன்றைய இரவு வேலைக்கான அழைப்பைத் தானாக அனுப்பக் கூடாது என்று கட்டளையிடலாம். வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்த தாய்க்கு, திரும்பும் நேரம் காலையிலேயே தெரிவது எளிய கருணை. அதைத் தருவதற்கும் இதே கருவி உதவும். மறுப்பதற்கும் இதே கருவி உதவும்.

இயந்திரப் பதிவை மறுத்துப் பேசும் வழியும் தொழிலாளருக்கு வேண்டும். பிரிட்டனில் அஞ்சல் துறையின் 'ஹொரைசன்' கணினி முறை காட்டிய தவறான கணக்கை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். கணினி தவறாது என்ற அனுமானமே அந்த அநீதிக்கு அடித்தளம். செய்தி வரவில்லை என்று ஒரு தையல்காரர் சொன்னால், 'சிஸ்டத்தில் அனுப்பியதாக இருக்கிறது' என்பது முடிவான பதிலாகிவிடக் கூடாது.

இத்தனை உடன்பாடுகளுக்குப் பிறகும் உடனே முழுமையாக இணைத்துவிட வேண்டியதில்லை. முதலில் ஒத்திகை. இரண்டு வாரங்களுக்கு இயந்திரம் தான் அனுப்பவிருக்கும் செய்திகளைப் பொறுப்பாளருக்கு மட்டும் அனுப்பட்டும். அவர் வழக்கம்போலத் தொலைபேசியிலேயே வேலையை நடத்திக்கொண்டு, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்துவைக்கட்டும். அந்தக் குறிப்பேடே எந்த ஆலோசகரின் அறிக்கையைவிடவும் பயனுள்ளது. பிறகு ஓர் ஆர்டர், ஒரு தையல் வரிசை, ஒரு வேன் தடம் என்று தொடங்கி விரிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே கையசைவில் நிறுத்தும் வசதியும் அவசியம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, திருப்பூரின் உற்பத்திச் சங்கிலி முழுவதும் நிலைகுலைந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, பல ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 'நிறுத்திவைப்பு' என்பது தாமதமும் இல்லை, ரத்தும் இல்லை. அதற்கென ஒரு நிலையை அட்டவணையில் ஒதுக்காவிட்டால், இயந்திரம் நின்றுபோன ஆர்டருக்கும் துணி கேட்டுக்கொண்டிருக்கும், ஆள்களை அழைத்துக்கொண்டிருக்கும்.

இந்த உடன்பாடுகளில் முதலாவதை எந்த நிறுவனமும் தனியாகச் செய்துமுடிக்க இயலாது. ஒரு சாயப்பட்டறை பல நிறுவனங்களுக்குத் துணி அனுப்புகிறது. ஒவ்வொருவரும் 'முடிந்தது' என்பதற்கு ஒவ்வொரு பொருள் சொன்னால் பட்டறைக்காரர் எதைப் பின்பற்றுவார்? 1990இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும், சாயப்பட்டறை, ஜாப் ஒர்க் துறைகளின் அமைப்புகளும், தொழிற்சங்கங்களும் ஒரு மேசையில் அமர்ந்து, உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொதுவான நிலைப் பெயர்களையும், ஷிப்டைப் பதியும் முறையையும், தொழிலாளருக்கு அட்டவணையைத் தெரிவிக்க வேண்டிய குறைந்தபட்ச முன்னவகாசத்தையும் வகுத்துத் தரலாம். ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும் ஆவணம் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சேவையை இணைத்தாலும், தேதி மாறும் நாளில் காங்கேயத்துக் கிராமங்களுக்குத் திரும்பும் வேன் எப்போது புறப்படும் என்பது, அதில் ஏறுபவர்களுக்கு முன்னரே தெரிந்திருக்கும்.